சின்னவளுக்கும் ஒண்ணு

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் இரண்டாகத்தான் வாங்குவார்கள். இது என் மாமியார் போட்ட சட்டம். மூத்த மகனைக் கட்டிக்கொண்டு வந்ததால் நான் பெரியவள். இளைய மகனைக் கட்டிக்கொண்டு வந்த என் ஓரகத்தி சின்னவள். எங்கள் ஊரின் சாரம் பகுதியில் ஒரே வீடு. நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். கீழே ஒரு மிக்ஸி வந்தால் அதே வாரம் மாடிக்கும் ஒரு மிக்ஸி ஏறும். எனக்குக் கொலுசு எடுத்தால் அவளுக்கும் அதே எடையில் கொலுசு.

அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மாமியார் மருமகளாக வந்த புதிதில், மூத்த மருமகளுக்கு மட்டும் ஒரு ஜோடித் தோடு செய்து போட்டார்களாம். அன்றைக்கு இவருக்கும் இவருடைய ஓரகத்திக்கும் நின்றுபோன பேச்சு, அந்தம்மா சாகும்வரை திரும்பவே இல்லை. "ஒரு தோட்டுக்குக் குடும்பம் ரெண்டாச்சு. என் வூட்ல அது நடக்காது" என்பார். நல்ல எண்ணம்தான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அது என் தலையில்தான் ஒழுகியது. தீபாவளிக்கு ஒரே நெசவில், ஒரே கரையில் இரண்டு புடவை வரும். நிறம் மட்டும் வேறு. கூடத்தில் பாயை விரித்து இரண்டையும் வைத்துவிட்டு மாமியார் சொல்வார்: "சின்னவ மொதல்ல எடுக்கட்டும். பெரியவ விட்டுக்குடுக்கறவ." சின்னவள் கூச்சப்பட்டுக்கொண்டே குனிவாள். குனிந்து, நான் மனசுக்குள் குறித்து வைத்திருந்த நிறத்தைச் சரியாக எடுத்துக்கொள்வாள். மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், அரக்கு எல்லாம் மாடிக்குப் போகும். காப்பிப்பொடி நிறமும் சாம்பலும் எனக்கு மிஞ்சும். விட்டுக்கொடுக்கிறவள் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒரு முழம் பூகூட வாங்க முடியாது. இருந்தாலும் அந்தப் பெயரை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் சென்னையில் கலை வரலாற்றில் முதுகலை சேர்ந்திருந்தேன். முதல் வருடம் முடிவதற்குள் நல்ல இடம் வந்துவிட்டது. "படிப்பு எங்க ஓடிடப் போவுது?" என்றார்கள். படிப்பு எங்கும் ஓடவில்லை, நான்தான் சாரத்துக்கு வந்துவிட்டேன். என் மகள் கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்து வீடு வெறிச்சோடிப்போன வருடம், எங்கள் ஊரிலேயே ஒரு கல்லூரியில் அதே படிப்பு இருப்பது தெரிந்தது. வயது வரம்பு கிடையாது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "செய்யேன்" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். அவரிடம் அது பெரிய ஆதரவு.

மாமியாரிடம் சொன்னபோது அவர் யோசிக்கக்கூட இல்லை.

"அப்ப சின்னவளுக்கும் ஒண்ணு வாங்கிடு."

விண்ணப்பத்தைத்தான் சொல்கிறார். மிக்ஸியைச் சொன்ன அதே குரல்.

"அவ பி.காம். படிச்சவ அத்த. அவளுக்கு இதுல என்னா இருக்குது?"

"ஒனக்கு என்னா இருக்குதோ அதான் அவளுக்கும். நாளைக்கு நீ மட்டும் படிச்ச, அவ படிக்கலன்னு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு."

சின்னவள் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்? எனக்குச் சாமியக் கும்புடத்தான் தெரியும். செலய நின்னு பாக்கல்லாம் தெரியாது" என்றாள். நான் அதை நம்பினேன். அவளும் நம்பித்தான் சொன்னாள். துணைக்கு ஒரு ஆள், டிபன் டப்பாவைப் பிடித்துக்கொள்ள ஒரு கை என்று நினைத்து, இரண்டு விண்ணப்பம் வாங்கி வந்தேன். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது.

என் வண்டியில்தான் போவோம். நான் ஓட்டுவேன், அவள் பின்னால். சாரத்திலிருந்து கிளம்பி, கடைவீதி நெரிசலில் நீந்தி, வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கத்து அமைதியான தெருக்களுக்குள் நுழைந்ததும் அவள் பேச ஆரம்பிப்பாள். "அக்கா, அந்த மஞ்ச வூட்ல சன்னலுக்கு மேல சுண்ணாம்புல மாலை மாலையா செஞ்சிருக்காங்கல்ல? கடைசி சன்னல்ல மட்டும் பூ வேற மாதிரி இருக்குது. அத அப்புறமா யாரோ செஞ்சிருக்காங்க." நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில். அந்த வீட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். அந்த வீட்டில் சன்னல் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். 'வண்டி ஓட்டுகிறவள் ரோட்டைத்தான் பார்க்க முடியும், பின்னால் உட்கார்ந்தால் நானும்தான் பார்ப்பேன்' என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவளை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் உட்கார்ந்தும் பார்த்தேன். வழியில் ஒரு பேக்கரி புதிதாகத் திறந்திருந்ததைப் பார்த்தேன்.

வகுப்பில் எல்லாம் எங்கள் பிள்ளைகள் வயது. எங்களைப் பெரிய ஆன்ட்டி, சின்ன ஆன்ட்டி என்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டுச் சட்டம் எங்களுக்கு முன்னாலேயே போய் அங்கே உட்கார்ந்திருந்தது. எங்கள் மேடம் என்னைவிட வயதில் சின்னவர். அதிகம் பாராட்ட மாட்டார். அவரிடம் ஒரு பாராட்டு வாங்கிவிட வேண்டும் என்று நான் பட்ட பாடு, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூடப் பட்டதில்லை.

முதல் வருடம் விழுப்புரம் போகும் வழியில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்னச் சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். முன்னால் ஒரு தூண் மண்டபம். நான் ஒரு வாரமாகப் படித்துத் தயாராக வந்திருந்தேன். தூணின் பாகங்களைக் கேட்டபோது, அடியிலிருந்து உத்தரத்தைத் தாங்கும் போதிகை வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். மேடம் "ரொம்ப நல்லது" என்றார். சாக்பீஸ் எடுத்து வந்து கொடுத்தாலும் அவர் அப்படித்தான் சொல்வார்.

அப்போது மண்டபத்தின் கோடியிலிருந்து சின்னவளின் குரல் வந்தது.

"மேடம், இந்தப் பக்கம் யாரு வந்து பாக்கப் போறாங்க?"

வீட்டிலிருந்து வந்த போனைப் பேச அங்கே ஒதுங்கியிருக்கிறாள். கடைசித் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் தலையைச் சாய்த்து, போன் விளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒரு பொம்பள கண்ணாடியப் பாத்துப் பொட்டு வெக்கிறா. கால் மெட்டி வரைக்கும் செதுக்கியிருக்காங்க. நாம பாக்குற பக்கம் வெறும் தாமரப்பூதான் இருக்குது. இவ்ளோ வேலை பாத்துட்டு யாராச்சும் செவுத்துப் பக்கம் திருப்பி வெப்பாங்களா?"

மேடம் கிட்டே போனார். சுவரில் கன்னம் படச் சாய்ந்து, சின்னவளின் போனை வாங்கி அடித்துப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் கன்னத்தில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. "இது இந்த மண்டபத்துக்குன்னு செஞ்ச தூணே இல்ல. வேற எங்கியோ இருந்ததக் கொண்டாந்து வெச்சிருக்காங்க. இத்தன வருஷமா வரேன், நான் பாக்கலியே!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் எல்லாம் சின்ன ஆன்ட்டியைச் சுற்றிக்கொண்டார்கள். நான் மட்டும் ஒன்றுவிடாமல் பாகம் சொன்ன தூணின் பக்கத்தில் நின்றிருந்தேன்.

எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்தக் காக்கை உட்கார்ந்த இடத்தில் எல்லாம் பழம் விழ ஆரம்பித்தது. வகுப்பில் திரையில் ஒரு சிற்பத்தைக் காட்டினால், நான் அதன் காலத்தை நினைவுபடுத்திக்கொண்டிருக்கும்போதே அவள் "அந்த அம்மன் சிரிக்கல மேடம், மூச்ச அடக்கிக்கிட்டு இருக்குது" என்பாள். எல்லாரும் திரும்பத் திரையைப் பார்ப்பார்கள். அம்மன் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருக்கும். நாற்பதுக்கு மேல் வருகிற பொறாமை முகத்தில் தெரியாது, குழம்பில் தெரியும். அந்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டில் காரம் தூக்கலாக இருந்ததாக என் வீட்டுக்காரர் சொல்வார்.

என்னிடமும் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. பள்ளியில் எனக்கு இரண்டாவது மொழி பிரெஞ்சு. இந்தப் பக்கத்துக் கோயில்களைப் பற்றி பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்தது எல்லாம் பிரெஞ்சில்தான் இருக்கிறது. வகுப்பில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மேடம் பக்கம் பக்கமாகக் கொடுப்பார். நான் தமிழில் எழுதிக் கொடுப்பேன். பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த சின்னவளுக்கு, நன்றிக்குச் சொல்லும் 'மெர்சி' என்ற ஒரு சொல்லுக்கு மேல் பிரெஞ்சு தெரியாது. அந்த நினைப்பே எனக்குப் பல ராத்திரி நல்ல தூக்கத்தைத் தந்தது.

கடைசிப் பருவத்தில் மேடம் சொன்னார்: இடம் மாறிய தூண்களைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்குகிறார். தன்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஒருவரைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். இரண்டாவது இடம் கிடையாது.

ஒன்றுதான். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இனித்தது என்று எங்கள் வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத்தான் புரியும். பட்டம்கூட எனக்குப் பெரிதில்லை. மாடியில் இன்னொன்று இல்லாத ஒரு பொருள் என் வாழ்க்கையில் வேண்டியிருந்தது. அது இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். பிரெஞ்சு தெரியாமல் அந்த ஆய்வில் ஒரு பக்கம் தாண்ட முடியாது. அதனால் இடம் என்னுடையதுதான்.

மேடம் என்னைத்தான் முதலில் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். டீ வந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நல்ல செய்தியை யாரும் டீ கொடுத்துச் சொல்வதில்லை.

"உங்க பிரெஞ்சு எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு" என்றார். "ஆனா பிரெஞ்சு கத்துக்கலாம். அவங்க பாக்கறாங்க பாருங்க, அத நான் யாருக்கும் சொல்லிக்குடுக்க முடியாது. எடத்த அவங்களுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். உங்களுக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னுதான் கூப்ட்டேன். நீங்களே சொல்லிடுங்களேன். ஒரே வீடுதானே."

"சொல்றேன் மேடம்" என்றேன். டீயையும் குடித்தேன்.

வண்டியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லாமலிருக்க ஸ்கூட்டரைப் போல வசதி வேறொன்று இல்லை. "எடம் ஒனக்குத்தானாம்." பின்னால் சத்தமே இல்லை. காதில் விழவில்லை போல என்று இன்னொரு தரம் சொன்னேன். "கேட்டுச்சுக்கா" என்றாள்.

மறுநாள் அவள் எனக்குச் சொல்லாமல் ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்குப் போய்வந்தாள். சாயந்திரம் ஒரு கிண்ணத்தில் கேசரி எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

"நான் வேணாம்னு சொல்லிட்டேன்க்கா. அக்காவுக்குக் குடுத்துடுங்கன்னு சொன்னேன். மேடம் மொதல்ல ஒத்துக்கல. அப்புறம் சரின்னுட்டாங்க. ஆசப்பட்டு ஆரம்பிச்சது நீங்க. நான் கூட வந்தவதானே."

அவள் கண்ணில் ஈரம். அதில் நடிப்பு ஒரு துளி இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவளைக் கட்டிப் பிடித்து அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். பார்ப்பதில் முந்தினாள். இடம் வாங்குவதில் முந்தினாள். கடைசியில் விட்டுக்கொடுப்பதிலும் முந்திவிட்டாள். அந்த வீட்டில் என் பெயரில் இருந்த ஒரே சொத்து அதுதான். கேசரியில் நெய் தாராளமாக விட்டிருந்தாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஆனாலும் இடத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசை அப்படி. இரண்டு நாள் அது என்னுடையதாகவே இருந்தது. மூன்றாம் நாள் விழுப்புரம் பஸ் ஏறி, அந்தக் கோயிலுக்குத் தனியாகப் போனேன். கடைசித் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் தலையைச் சாய்த்து போன் விளக்கை அடித்தேன். கண்ணாடி பார்த்துப் பொட்டு வைக்கிற பெண். கால் மெட்டி. வேறு என்ன? இன்னும் நன்றாகப் பார்த்தேன். கழுத்து வலிக்கிறவரை பார்த்தேன். சின்னவள் சொன்னது எல்லாம் தெரிந்தது. அவள் சொல்லாதது ஒன்றுகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. இடத்தை எடுத்துக்கொண்டால் இனி ஒவ்வொரு தூணுக்கும் அவளைக் கூட்டிவந்து, அவள் பார்த்ததை நான் எழுத வேண்டியிருக்கும். அவள் கட்டி அவிழ்த்த புடவையை நான் கட்டிக்கொண்டு நடப்பது போல. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா எனக்கு சன்னலோரத்தை விட்டுக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சின்னவளும் கூட உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்த, அந்த எடம் சின்னவளுக்குத்தான். எனக்கு வேணாம்."

"என்னா எடம்?" என்றார். சொன்னேன். கேட்டுவிட்டு, "ரெண்டு பேருக்கும் இல்லன்னா யாருக்கும் வேணாம். உட்டுடுங்க" என்றார். கீரைக்குத் திரும்பிவிட்டார்.

"அது என்னா புடவையா அத்த, ரெண்டா வாங்கறதுக்கு? ஒண்ணுதான் இருக்குது."

"அக்கா, நான்தான் உங்களுக்குக் குடுத்துட்டேனே" என்றாள் சின்னவள்.

அவ்வளவுதான். எத்தனையோ தீபாவளியாக அடக்கி வைத்தது வெடித்துவிட்டது.

"நீ குடுத்து நான் எடுத்துக்கறதா? வருஷா வருஷம் நீ எடுத்தது போவ மீதியத்தான் நான் கட்டுறேன். என் பீரோவத் தொறந்து பாரு, ஒரே காப்பிப்பொடி கலரு. இதுலயும் நீ வேணாம்னு வெச்சதத்தான் நான் எடுத்துக்கணுமா? எனக்கு வேணாம்டி. ஒனக்கு வந்தத நீயே வெச்சுக்க."

சின்னவளின் கையிலிருந்த கீரைக்காம்பு அப்படியே நின்றது. "ஒங்களுக்கு அந்தக் கலருதான் புடிக்கும்னு நெனச்சேன்க்கா" என்றாள் மெதுவாக. எல்லாவற்றையும் பார்க்கிற கண், என்னை மட்டும் பார்க்கவில்லை.

மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ உட்டுக்குடுக்கறவன்னுல்ல நெனச்சேன்."

"நான் உட்டுக்குடுக்கல அத்த. நீங்க உட வெச்சீங்க."

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அவர் மீதிக் கீரையையும் ஒவ்வொரு காம்பாக ஆய்ந்து முடித்தார். அந்த ஒரு ஜோடித் தோட்டை நினைத்தாரோ என்னவோ. பிறகு சின்னவளிடம், "நீ போய்ச் சேந்துடு" என்றார்.

சின்னவள் சேர்ந்துவிட்டாள். இப்போது சாயந்திரத்தில் நான் அவளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறேன். அவளுக்கு அந்த 'ர' தொண்டையிலிருந்து வரவே மாட்டேன் என்கிறது. அவள் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பேன். கனகசெட்டிக்குளம் தாண்டி ஏதோ ஒரு கிராமத்தில் அதே போலச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கிற இன்னொரு தூணைக் கண்டுபிடித்ததாக அவள் வந்து சொன்ன அன்றைக்கு மட்டும், பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பொறாமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வீட்டு ஆள் மாதிரி, கூடவே இருந்து சாப்பிடும்.

தீபாவளி வந்தது. சட்டம் மாறவில்லை. கூடத்தில் பாயை விரித்து மாமியார் இரண்டு புடவையை வைத்தார். ஒரே நெசவு, ஒரே கரை. ஒன்று மயில்கழுத்து, ஒன்று அரக்கு. இந்தத் தரம் காப்பிப்பொடி இல்லை. சின்னவள் வழக்கம் போல் ஓர் அடி முன்னால் வந்தாள். மாமியார் கையை நீட்டி அவளை நிறுத்தினார்.

"பெரியவ மொதல்ல எடுக்கட்டும்."

எனக்குக் கை ஓடவில்லை. முதலில் எடுத்துப் பழக்கம் இல்லாதவளுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரிகிறது. மயில்கழுத்தைப் பார்த்தேன். அரக்கைப் பார்த்தேன். பிறகு புடவையை விட்டுவிட்டு சின்னவளைப் பார்த்தேன். மரியாதையாகத் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கண் ஒரே ஒரு தரம், கண்மூடித் திறக்கும் நேரம், அரக்கின் மேல் போய்த் திரும்பியது.

நான் பார்த்துவிட்டேன். குனிந்து அரக்கை எடுத்துக்கொண்டேன்.